ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தாயா? டிபிஏ வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் நேர்முகத் தேர்வில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது டிபிஏ, என்ன வேலை செய்வார்?" பெரும்பாலும் வரும் பதில், "பேக்கப் எடுப்பார் சார்." சரி, அப்படி எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு தடவையாவது டேட்டாபேஸைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் பதில் வராது. அவர்கள் மேல் தப்பில்லை. கல்லூரியில் யாரும் அதைச் செய்யச் சொல்வதில்லை. பயிற்சி வகுப்பிலும் பேக்கப் கமாண்டை எழுதிக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இந்த வேலையின் உயிர் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. போன தரவைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்தவர்தான் டிபிஏ. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளர்கிறது.

முதலில் அடிப்படையிலிருந்து வருவோம். மின்கட்டணம் கட்டுகிறீர்கள், ரயிலில் பெர்த் பதிவு செய்கிறீர்கள், ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்குகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு சர்வரில், ஒரு டேபிளில், ஒரு வரி சேர்கிறது. அல்லது இருக்கிற வரி மாறுகிறது. டேபிள் என்பது கட்டம் போட்ட நோட்டு மாதிரிதான். அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான டேபிள்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி, ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் எழுதினாலும் படித்தாலும் குழம்பாமல் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு டேட்டாபேஸ். தமிழில் தரவுத்தளம் என்று எழுதுகிறோம். வேலை இடத்தில் எல்லாரும் டேட்டாபேஸ் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

1970-ல், ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன்பெல்லாம் தரவு வட்டில் எந்த வரிசையில் கிடக்கிறது, எதிலிருந்து எதற்குச் சங்கிலி போகிறது என்று தெரிந்தால்தான் புரோகிராமர் அதைத் தேடி எடுக்க முடியும். சேமிக்கும் முறையை மாற்றினால் புரோகிராமையும் மாற்ற வேண்டியிருக்கும். காட் முன்வைத்த யோசனை, பயன்படுத்துபவருக்கு அந்தக் கவலையே வேண்டாம் என்பது. தரவை டேபிள்களாகப் பாருங்கள், என்ன வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், எப்படி எடுப்பது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும். இன்று நாம் எழுதும் எஸ்கியூஎல் மொழி இந்த யோசனையிலிருந்து வளர்ந்ததுதான்.

பயன்படுத்துபவருக்குத் தெரிய வேண்டாம் என்றால் வேறு யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? வட்டில் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது, எந்தக் குவெரி (தரவைக் கேட்டு எழுதும் கட்டளை) எந்த வழியாகத் தரவைத் தேடுகிறது, யார் யாருக்காகக் காத்து நிற்கிறார், நேற்று இரவு எடுத்த நகல் எங்கே இருக்கிறது, இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கும் ஆள் ஒருவர் வேண்டும். அவர்தான் டிபிஏ.

எந்த டேட்டாபேஸைக் கற்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆரக்கிள் 1979-லிருந்து சந்தையில் இருக்கிறது. வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் இன்றும் அதற்கு வேலை உண்டு. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் இன்னொரு பெரிய உலகம். மைஎஸ்கியூஎல் 1995-ல் வந்தது, இணையதளங்களோடு சேர்ந்தே வளர்ந்தது. போஸ்ட்கிரெஸ் 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. என்னைக் கேட்டால் போஸ்ட்கிரெஸில் தொடங்குங்கள் என்பேன். காசு கொடுக்க வேண்டாம் என்பது மட்டும் காரணமில்லை. பெரிய நிறுவனங்கள் ஓட்டும் அதே மென்பொருள், ஒரு வசதியும் குறையாமல் உங்கள் லேப்டாப்பில் ஓடும். அதன் கையேடு அவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றை ஆழமாகக் கற்றுவிட்டால் இன்னொன்றுக்கு மாறுவது சில மாத வேலைதான், ஏனென்றால் அடியில் இருக்கும் யோசனைகள் ஒன்றே.

குறிப்பேடும் பேரேடும்

அந்த யோசனைகளில் ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டால் பேக்கப், ரீஸ்டோர், ரெப்ளிகா மூன்றும் புரிந்துவிடும். பிளஸ் ஒன் வணிகவியல் படித்தவர்களுக்கு இது எளிது. கணக்கில் குறிப்பேடு என்று ஒன்று உண்டு, பேரேடு என்று ஒன்று உண்டு. நடவடிக்கை நடந்தவுடன் தேதிவாரியாகக் குறிப்பேட்டில் எழுதுவோம். அப்புறம் அதை எடுத்து, அந்தந்தக் கணக்கின் பக்கத்தில் பேரேட்டில் பதிவோம்.

டேட்டாபேஸும் இதைத்தான் செய்கிறது. நீங்கள் ஒரு வரியை மாற்றி கமிட் (மாற்றத்தை உறுதிசெய்யும் கட்டளை) கொடுத்தவுடன், அந்த மாற்றம் முதலில் லாக் என்னும் குறிப்பேட்டில் வரிசையாக எழுதப்பட்டு வட்டில் பத்திரமாகிறது. டேபிள் இருக்கும் ஃபைல், அதாவது பேரேடு, கொஞ்சம் பொறுத்துத் திருத்தப்படும். நடுவில் கரண்ட் போய் சர்வர் அணைந்தாலும் கவலையில்லை. மீண்டும் எழும்போது குறிப்பேட்டைப் படித்து, பேரேட்டில் விட்டுப்போன பதிவுகளைப் போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸில் இதற்கு வால் (WAL, ரைட்-அஹெட் லாக் என்பதன் சுருக்கம்) என்று பெயர். ஆரக்கிளில் ரீடூ லாக்.

இப்போது இதையே நீட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு எடுத்த பேரேட்டின் முழு நகல் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு எழுதிய குறிப்பேட்டுப் பக்கங்கள் ஒன்றுவிடாமல் வேறொரு இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறோம். புதன்கிழமை காலை 11:42-க்கு யாரோ ஒரு டேபிளைத் தவறுதலாக அழித்துவிட்டார். என்ன செய்யலாம்? ஞாயிறு நகலை வேறொரு சர்வரில் வைத்து, குறிப்பேட்டுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே வந்து, புதன் 11:41-ல் நிறுத்திவிடலாம். அழிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பிருந்த டேட்டாபேஸ் அப்படியே கண்முன் நிற்கும். முதல் தடவை இதைச் செய்து பார்த்தபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. அதே குறிப்பேட்டுப் பக்கங்களை இன்னொரு சர்வருக்கு உடனுக்குடன் அனுப்பிக்கொண்டே இருந்தால் அது ரெப்ளிகா. யோசனை அவ்வளவுதான்.

இந்தக் குறிப்பேடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்ன வரலாறு. போஸ்ட்கிரெஸில் அந்தக் கோப்புறையின் பெயர் முன்பு பிஜி-எக்ஸ்லாக் என்று இருந்தது. வட்டு நிரம்பும்போது, 'லாக்' என்றுதானே இருக்கிறது, பழைய செய்திப் பதிவுகளாக இருக்கும் என்று நினைத்துப் பலர் அதை அழித்துவிட்டார்கள். டேட்டாபேஸ் எழவே இல்லை. 2017-ல் வந்த பதிப்பு 10-ல் அந்தப் பெயரை பிஜி-வால் என்று மாற்றினார்கள். வட்டு நிரம்பினால் எதை அழிப்பது என்பதைவிட ஏன் நிரம்பியது என்று பார்ப்பது முதல் வேலை. யாரும் பயன்படுத்தாத பழைய ரெப்ளிகாவுக்காகப் பக்கங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டே இருப்பது அடிக்கடி கண்ணில் படும் காரணம்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். எங்கள் குழுவின் மூத்த டிபிஏ ஒரு அக்கா. எதையும் சத்தமாகச் சொல்ல மாட்டார். ஒருநாள், "பேக்கப் எல்லாம் ஓடுதாப்பா?" என்று கேட்டார். பட்டியலைக் காட்டி, "எல்லாம் பச்சை அக்கா" என்றேன். "பச்சையா இருக்கான்னு கேக்கல. ரீஸ்டோர் பண்ணிப் பாத்தியா?" இல்லை என்றேன். ஒரு காலி சர்வரைக் கொடுத்து, மாலைக்குள் அதில் அந்த டேட்டாபேஸ் எழ வேண்டும் என்றார்.

முதலில் வட்டில் இடம் போதவில்லை. சுருக்கி வைத்த ஃபைலின் அளவைப் பார்த்து இடம் கணக்குப் போட்டிருந்தேன், அது விரிந்தபோது பல மடங்கானது. இடம் கேட்டு வாங்கி மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை தரவு எல்லாம் வந்துவிட்டது, ஆனால் திரை முழுக்க ஒரே பிழைச்செய்தி: 'இந்தப் பெயரில் ரோல் இல்லை.' அன்றுதான் தெரிந்தது, போஸ்ட்கிரெஸின் பிஜி-டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டும்தான் நகலெடுக்கும். ரோல் விவரம், அதாவது யார் யார் உள்ளே வரலாம், அவர்களின் கடவுச்சொல் என்ன என்பது, டேட்டாபேஸுக்கு வெளியே, சர்வருக்கே பொதுவாக இருக்கிறது. அதற்கு பிஜி-டம்ப்ஆல் என்ற தனிக் கருவி வேண்டும். எங்கள் பேக்கப்பில் அது இல்லவே இல்லை. அதாவது தரவு பத்திரமாக இருந்தது, ஆனால் எந்த அப்ளிகேஷனும் அதற்குள் நுழைந்திருக்க முடியாது.

இரவு எட்டு மணிக்கு முடித்தேன். அக்கா ஒன்றுதான் சொன்னார்: "நிஜமா சர்வர் போயிருந்தா, இதை ராத்திரி ரெண்டு மணிக்கு, பத்து பேர் போன்ல கேட்டுக்கிட்டு இருக்கும்போது கண்டுபிடிச்சிருப்ப."

2017 ஜனவரி 31

இது என்னைப் போன்ற புதியவருக்கு மட்டும் நடப்பதில்லை. புரோகிராமர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையதளத்தை நடத்தும் கிட்லேப் என்ற நிறுவனத்தில் நடந்ததை டிபிஏ ஆக நினைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நடந்த அத்தனையையும் அவர்களே பொதுவில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அன்று அவர்களது போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகா முதன்மைச் சர்வரைவிடப் பின்தங்கிப் போயிருந்தது. இரவில் ஒரு பொறியாளர் ரெப்ளிகாவை முதலிலிருந்து அமைக்க முயன்றார். கமாண்ட் நகராமல் நின்றது. ரெப்ளிகாவில் மிச்சம் கிடந்த கோப்புறைதான் தடையோ என்று நினைத்து அதை அழித்தார். ஆனால் அவர் இருந்தது ரெப்ளிகாவில் இல்லை, முதன்மைச் சர்வரில். ஒன்றிரண்டு நொடியில் உணர்ந்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபி-யில் மிஞ்சியது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்குமே என்று தேடினார்கள். நாள்தோறும் அமேசானின் சேமிப்பகத்துக்குப் போக வேண்டிய நகல்கள் அங்கே இல்லை. டேட்டாபேஸின் பதிப்பு 9.6, நகலெடுக்கும் கருவியோ 9.2-க்கானது, பதிப்பு பொருந்தாததால் அது ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றால் மின்னஞ்சல் வர வேண்டும். அந்த மின்னஞ்சல்களில் தேவையான கையொப்பம் இல்லாததால் பெறும் சர்வர் அவற்றை ஏற்கவில்லை. வட்டு ஸ்னாப்ஷாட் (வட்டு அந்த நொடியில் இருந்தபடியே எடுக்கும் நகல்) வசதி மற்ற சர்வர்களுக்கு இருந்தது, டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இல்லை. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். அதிலிருந்து நகலெடுத்து மீண்டும் தளத்தைத் திறக்க மறுநாள் மாலை ஆகிவிட்டது. அந்த ஆறு மணி நேரத்தில் சேர்ந்தவை, ஏறத்தாழ 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள், திரும்ப வரவில்லை.

இதில் என் மனதைத் தொட்ட விஷயம் வேறு. அந்த அறிக்கையில் அவருடைய பெயர் இல்லை. 'குழு உறுப்பினர்-1' என்றுதான் இருக்கிறது. தவறை ஒரு மனிதரின் தலையில் கட்டாமல், அமைப்பில் என்ன இல்லை என்று தேடினார்கள். செய்ய வேண்டியவை என்று அவர்கள் எழுதிய பட்டியலில் ஒன்று, எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்பது டெர்மினலை (கமாண்ட் அடிக்கும் திரையை) பார்த்தவுடன் தெளிவாகத் தெரியும்படி செய்வது. இதை நீங்கள் இன்றைக்கே செய்யலாம். என் டெர்மினலில் புரொடக்ஷன் சர்வர், அதாவது நிஜப் பயன்பாட்டில் இருப்பது, என்றால் பின்னணி சிவப்பு, சோதனைச் சர்வர் என்றால் பச்சை. எதையும் அழிக்கும் முன் சர்வர் பெயரை வாய்விட்டுச் சொல்வது இன்றுவரை எனக்குப் பழக்கம்.

அந்த ஆறு மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். எந்த டேட்டாபேஸுக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. போனால் கடைசி எத்தனை நிமிடத் தரவை இழக்கலாம்? திரும்ப எழ எவ்வளவு நேரம் ஆகலாம்? முதலாவதை ஆர்பிஓ என்றும் இரண்டாவதை ஆர்டிஓ என்றும் சொல்வார்கள். இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டிபிஏ இல்லை, தொழிலை நடத்துபவர். ஒரு நூலகத்துக்கு ஒரு நாள் தரவு போனாலும் சமாளிக்கலாம், ஒரு வங்கிக்கு ஒரு நிமிடம் கூடப் போகக் கூடாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, அதற்கேற்ற செலவைச் சொல்ல வேண்டியவர் டிபிஏதான். இந்த இரண்டு கேள்விகளையும் மேலாளரிடம் தயங்காமல் கேட்கத் தொடங்கும் நாளில் ஒருவர் ஜூனியர் நிலையைக் கடந்துவிட்டார் என்று நான் நினைப்பேன்.

மெதுவாக ஓடும் குவெரி

அன்றாட வேலையில் அதிகம் வருவது 'ஸ்லோவா இருக்கு' என்ற டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு. ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். மைஎஸ்கியூஎல். வாடிக்கையாளர் டேபிளில் ஒரு கோடி வரிகள். கைபேசி எண்ணை வைத்துத் தேடினால் அரை நிமிடம் ஆகிறது. முதலில் எல்லாரும் கேட்பது, இன்டெக்ஸ் இருக்கிறதா?

இன்டெக்ஸ் என்பது அகராதியின் அகரவரிசை மாதிரி. அது இல்லாவிட்டால் ஒரு சொல்லுக்காக முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்ட வேண்டும். இருந்தால் ஒரு கோடி வரிகளிலும் மூன்று நான்கு தாவல்களில் சரியான இடத்துக்குப் போய்விடலாம். இந்த டேபிளில் இன்டெக்ஸ் இருக்கிறது. ஆனாலும் குவெரி மெதுவாக ஓடுகிறது.

எக்ஸ்பிளெய்ன் என்று போட்டு அதே குவெரியைக் கொடுத்தால், டேட்டாபேஸ் எந்த வழியில் போகிறது என்று காட்டும். இன்டெக்ஸைத் தொடாமல் முழு டேபிளையும் படிப்பதாகக் காட்டுகிறது. ஏன்? டேபிளில் கைபேசி எண் எழுத்து வகையாக, வார்சார் என்று சேமிக்கப்பட்டிருக்கிறது. டெவலப்பர் எழுதிய குவெரியிலோ எண்ணைச் சுற்றி மேற்கோள்குறி இல்லை, வெறும் எண்ணாக இருக்கிறது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரியிலும் உள்ள எழுத்தை எண்ணாக மாற்றிப் பார்க்கிறது. முன்னால் சுழியம் இருந்தாலும் இடைவெளி இருந்தாலும் எண்ணாக மாற்றினால் ஒரே மதிப்புதான் என்பதால், எழுத்து வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸ் அதற்கு உதவாது. இரண்டு மேற்கோள்குறி போட்டவுடன் பதில் கண்ணிமைக்கும் நேரத்தில் வருகிறது.

சர்வரைப் பெரிதாக்கலாம், ராம் கூட்டலாம் என்று கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த பிரச்சினை இரண்டு குறியில் தீர்ந்திருக்கிறது. இதற்காகத்தான் எக்ஸ்பிளெய்ன் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதே சமயம், கண்ட இடத்திலெல்லாம் இன்டெக்ஸ் போடுவதும் நல்லதில்லை. டேபிளில் ஒரு வரி சேரும்போது அத்தனை இன்டெக்ஸிலும் ஒரு வரி சேர வேண்டும், எழுதுவது மெதுவாகும்.

இன்னொரு வகை டிக்கெட் உண்டு: சர்வரில் சிபியு சும்மா இருக்கும், வட்டும் சும்மா இருக்கும், ஆனால் எதுவும் நகராது. ஒரு கடையின் எல்லா பில்லிங் கவுன்டரும் ஒருநாள் நின்றுபோன கதை இது. அவர்கள் மென்பொருளில் 'அடுத்த பில் எண்' என்று ஒரே ஒரு வரி கொண்ட டேபிள் இருந்தது. யாரோ ஒருவர் அந்த எண்ணைத் திருத்த ஒரு டிரான்சாக்ஷன் தொடங்கி, அப்டேட் போட்டு, கமிட் போடாமல் டீ குடிக்கப் போய்விட்டார். அவர் கமிட் போடும்வரை அந்த வரி பூட்டிய வரிதான். ஒவ்வொரு கவுன்டரும் அந்த வரிக்காக வரிசையில் நிற்கிறது. போஸ்ட்கிரெஸில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு, பிஜி-ஸ்டாட்-ஆக்டிவிட்டி. அதில் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' (தொடங்கியதை முடிக்காமல் சும்மா நிற்கிறது) என்று ஒரு இணைப்பு இருபது நிமிடமாக நின்றுகொண்டிருந்தது. அதை மட்டும் துண்டித்தவுடன் எல்லாக் கவுன்டரும் ஓடின. பதற்றத்தில் சர்வரையே ரீஸ்டார்ட் செய்யத் தோன்றும். அது அந்த நேரத்துக்குச் சரியாகும். ஆனால் காரணம் தெரியாமல் போய்விடும், அடுத்த வாரம் மறுபடி வரும்.

இங்கே தமிழர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒன்று. 'முத்துலட்சுமி' என்ற பெயரில் எத்தனை எழுத்து? நாம் எண்ணினால் ஏழு. யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காவதால் பதின்மூன்று. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும், ஆக 39 பைட். ஆரக்கிளில் பெயருக்கு 30 என்று இடம் ஒதுக்கினால், வேறு எதுவும் சொல்லாதபோது அது 30 பைட் என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஓஆர்ஏ-12899 என்ற பிழையோடு முத்துலட்சுமியின் பெயர் உள்ளே போக மறுக்கும். சோதனையில் எல்லாரும் ஆங்கிலப் பெயரையே போட்டுப் பார்த்திருப்பார்கள், அதனால் முதல் தமிழ்ப் பெயர் வரும்வரை யாருக்கும் தெரியாது. அளவை எழுத்துக் கணக்கில் கொடு என்று டேபிள் உருவாகும்போதே சொல்வதற்கு, டிபிஏ டெவலப்பரோடு முதல் நாளிலிருந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். தமிழ் தெரிந்த டிபிஏ இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

சாவி கையில் இருப்பவர்

டிபிஏவுக்கு எல்லா டேபிளும் திறந்திருக்கும். சம்பளம், நோய், கடன், எல்லாமே. பார்க்க முடியும் என்பதற்காகப் பார்க்கக் கூடாது. தெரிந்தவர் ஒருவர், "சும்மா அந்த நம்பர் யாருதுன்னு பாத்துச் சொல்லேன்" என்று கேட்பார். முடியாது என்று சொல்லுங்கள். இந்தியாவில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. சட்டம் இருக்கட்டும், அந்த ஒவ்வொரு வரியும் ஒரு மனிதர் நம்பிக் கொடுத்த விவரம். உங்களுக்கே கூட அன்றாடப் பயன்பாட்டுக்குக் குறைந்த உரிமையுள்ள ஒரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். முழு உரிமை தேவைப்படும்போது மட்டும் அதை எடுங்கள்.

கிளவுட் வந்துவிட்டதே, இனி டிபிஏ எதற்கு என்ற பயத்தைப் பற்றி. டேட்டாபேஸ் சர்வரைத் தானே பராமரித்துத் தரும் ஆர்டிஎஸ் என்ற கிளவுட் சேவையை அமேசான் 2009-லேயே தொடங்கியது. ஆரக்கிள் 2017-ல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸ் என்று அறிவித்தது. இவற்றால் சில வேலைகள் உண்மையிலேயே போய்விட்டன. மென்பொருளை நிறுவுவது, பேட்ச் போடுவது, இரவில் பேக்கப் ஓடியதா என்று பார்ப்பது, இதையெல்லாம் மட்டுமே செய்தவர்களுக்கு இடம் குறைந்துவிட்டது. இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

ஆனால் மேலே சொன்ன மேற்கோள்குறியை ஆர்டிஎஸ் போட்டுத் தராது. டீ குடிக்கப் போனவரின் பூட்டை அதுவாகத் திறக்காது. பேக்கப் விஷயத்தில் கூட, ஆர்டிஎஸ் தானாக எடுக்கும் நகல்களை அதிகபட்சம் 35 நாள்தான் வைத்திருக்கும். போன நிமிடத்துக்குத் திரும்பு என்று கேட்டால் பழைய சர்வரைத் திருத்தாது. புதிதாக ஒரு சர்வரை, புதிய முகவரியோடு எழுப்பித் தரும். அந்த முகவரியை எந்தெந்த அப்ளிகேஷனில் மாற்ற வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பது யாராவது ஒத்திகை பார்த்திருந்தால்தான் தெரியும்.

வளர்ச்சி பற்றிக் கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் கண்காணிப்பும் டிக்கெட்டும்தான், இரவு ஷிப்ட் இருக்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு டிக்கெட்டும் ஏன் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்ன செய்து சரியானது என்பது மட்டும் போதாது, ஏன் வந்தது என்பதும் வேண்டும். வருடக் கடைசியில் புரட்டினால் பாதி டிக்கெட்டுகள் ஒரு சில காரணங்களிலிருந்து வந்திருப்பது தெரியும். அந்தக் காரணங்களை ஒழிக்க ஒரு திட்டம் எழுதி மேலாளரிடம் கொடுங்கள். பதவி உயர்வுக்கு அதைவிடப் பலமான காகிதம் எனக்குத் தெரிந்து இல்லை.

லினக்ஸ் கட்டாயம் தெரிய வேண்டும். ஷெல்லிலோ பைத்தானிலோ சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதத் தெரிய வேண்டும். ஒரு வேலையை மூன்றாவது தடவை கையால் செய்கிறீர்கள் என்றால் ஸ்கிரிப்ட் எழுத நேரம் வந்துவிட்டது. சான்றிதழ்கள் முதல் வேலைக்கு உதவும், ஆனால் கையால் செய்து பார்த்த அனுபவத்துக்கு அவை ஈடாகாது. பெங்களூரில் நடக்கும் பிஜிகான்ஃப் இந்தியா என்ற போஸ்ட்கிரெஸ் மாநாட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். உங்கள் பிரச்சினையை வேறொருவர் ஏற்கெனவே தீர்த்திருப்பார்.

இரவு அழைப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடர்ந்து தூக்கம் கெட்டவர் கையில் புரொடக்ஷன் சர்வர் இருப்பது ஆபத்து. கிட்லேப் சம்பவமும் இரவில், நீண்ட வேலைநாளின் முடிவில் நடந்ததுதான். களைப்பாக இருக்கிறது, இதைக் காலையில் செய்யலாம் என்று சொல்லும் துணிச்சலை ஆரம்பத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். அவசரமாகச் செய்யத்தான் வேண்டும் என்றால், பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைத்து, அடிக்கப்போகும் கமாண்டை அவரிடம் படித்துக் காட்டிவிட்டு என்டர் தட்டுங்கள்.

இந்த வாரக் கடைசியில் செய்ய ஒரு பயிற்சி. லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் நிறுவுங்கள். ஒரு டேட்டாபேஸ், அதில் ஒரு டேபிள். ஜெனரேட்-சீரீஸ் என்ற வசதியைக் கொண்டு பத்து லட்சம் வரிகள் போடுங்கள். அப்ளிகேஷனுக்கென்று தனியாக ஒரு ரோல் உருவாக்கி, அந்தப் பெயரில் உள்ளே நுழைந்து பாருங்கள். பிஜி-டம்ப் கொண்டு பேக்கப் எடுத்து, அந்த ஃபைலை ஒரு பென் டிரைவுக்கு மாற்றுங்கள். அதன்பிறகு டேட்டாபேஸையும் ரோலையும் முழுவதுமாக அழித்துவிடுங்கள். கை கொஞ்சம் நடுங்கும், பரவாயில்லை. இப்போது கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதிக்கொண்டு, பென் டிரைவில் இருப்பதை மட்டும் வைத்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள். வரிகளை எண்ணுங்கள், பத்து லட்சம் இருக்கிறதா? அப்ளிகேஷன் ரோலால் உள்ளே நுழைய முடிகிறதா? எத்தனை நிமிடம் ஆனது? அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த மாதம் ஒரு கோடி வரிகளோடு மறுபடி செய்து, புதிய எண்ணை அதன் கீழே எழுதுங்கள்.